யாருடைய இழப்பைத் தடுப்பது?
கால்நடை நோய்த்தடுப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நமது சிறுபத்திரிகைகளில் மாடு நிறையவே பேசப்பட்டிருக்கிறது. புனிதக் குறியீடாக, விலக்கப்பட்ட கறியாக, வாடிவாசல் காளையாக, சாதியை அளக்கும் கோலாக. ஆனால் மாட்டுக்கு நோய் வரும், அந்த நோயைத் தடுப்பதற்கென்று ஒரு அறிவுத்துறை உண்டு, அந்த அறிவுத்துறைக்கு ஒரு அரசியல் உண்டு என்பது பற்றி நாம் ஒரு பத்தி எழுதியதாகக்கூட எனக்கு நினைவில்லை. ஃபூக்கோவைப் படித்துவிட்டு மருத்துவமனை, சிறை, பள்ளிக்கூடம், பைத்தியக்கார விடுதி என்று எல்லா இடத்துக்கும் போய்வந்தோம். மாட்டுக்கொட்டகைக்குள் மட்டும் நுழையவில்லை.

இத்தனைக்கும் ஃபூக்கோவே கொட்டகை வாசல்வரை வந்தவர்தான். 1978இல் பாரீஸிலும் 1979இல் ஸ்டான்ஃபோர்டிலும் ஆற்றிய உரைகளில் அவர் ‘மேய்ப்பர் அதிகாரம்’ என்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். நிலத்தின் மீதல்ல, நகர்ந்துகொண்டிருக்கும் மந்தையின் மீது செலுத்தப்படும் அதிகாரம் அது. அழிப்பதல்ல, பராமரிப்பது அதன் வேலை. மேய்ப்பர் மந்தை முழுவதையும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியாகவும் பார்க்கவேண்டும். சிக்கல் இங்கேதான். ஒன்றுக்காக மற்றவற்றை விட்டுவிட்டுப் போவதா, மற்றவற்றுக்காக அந்த ஒன்றைக் கைவிடுவதா? ஃபூக்கோவுக்கு இது மனிதர்களை ஆளும் கலைக்கான உருவகம். ஆனால் உருவகத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு உண்மையான மந்தையையே பார்த்தால் என்ன?

சிகிச்சைக்கும் தடுப்புக்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது போலத் தோன்றும். வந்தபின் பார்ப்பது சிகிச்சை, வருமுன் காப்பது தடுப்பு. ஆனால் சிகிச்சைக்கு எதிரே நிற்பது ஒரு மாடு. அதற்கு ஒரு பெயரிருக்கும், சுழி இருக்கும், ‘ரெண்டு நாளா அசை போடல சார்’ என்று சொல்லும் ஒரு ஆள் பக்கத்தில் இருப்பார். தடுப்புக்கு எதிரே எந்த மாடும் நிற்பதில்லை. இன்னும் வராத நோய்க்கும் இன்னும் நோயுறாத மாடுகளுக்கும் இடையில் போடப்படும் ஒரு கணக்கு அது. ஆகவே தடுப்பைப் பொறுத்தவரை நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்த நோய் என்பதல்ல. யாருடைய இழப்பு தடுக்கப்படுகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே. இந்த வரலாற்றை இக்கேள்வியை வைத்துக்கொண்டு வாசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

2

ஐரோப்பாவில் இந்தக் கதை கோடரியோடு தொடங்குகிறது. 1711 வாக்கில் வட இத்தாலிக்குள் வெக்கை நோய் நுழைந்தது. காய்ச்சல், வாயில் புண், கண்ணீர், நாற்றமெடுக்கும் கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் சாவு. அதுவரை அந்நோயைக் காணாத ஊர்களில் பெரும்பாலான மாடுகளைக் கொண்டுபோய்விடும். போப்பின் மருத்துவராக இருந்த லான்சிசி சொன்ன யோசனை: நோய் கண்ட மாட்டுக்கு மருந்து பார்க்காதே, கொன்றுவிடு, சுண்ணாம்பு போட்டுப் புதை, சந்தையை மூடு, மாட்டை ஊர் விட்டு ஊர் ஓட்டாதே. மீறியவர்களுக்கு மரண தண்டனைவரை விதிக்கப்பட்டது. 1714இல் இங்கிலாந்தில் தாமஸ் பேட்ஸ் என்ற அரண்மனை அறுவை மருத்துவர் இதே முறையைக் கையாண்டார். ஒரு வித்தியாசம், மாட்டைக் கொன்றதற்கு இழப்பீடு கொடுக்கப்பட்டது. இத்தாலியில் தூக்குமேடை செய்த வேலையை இங்கிலாந்தில் பணம் செய்தது.

வெக்கை நோயைப் பொறுத்தவரை இந்த முறை வேலைசெய்யும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வைரஸ் வெயிலிலும் காற்றிலும் அதிக நேரம் தாங்காது. ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு நெருக்கத்தால்தான் போகும். பிழைத்த மாடு வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியோடிருக்கும், நோயைச் சுமந்து திரியாது. ஆகவே சங்கிலியின் ஒரு கண்ணியை உடைத்தால் போதும். லான்சிசிக்கு வைரஸ் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் மாட்டின் உடலுக்குள் பார்ப்பதை விட்டுவிட்டு, மாடுகளுக்கு இடையில் உள்ள பாதையைப் பார்த்தார். கால்நடை நோய்த்தடுப்பின் முதல் அறிவுப் பாய்ச்சல் அதுதான். மாடு பார்வையிலிருந்து மறைந்து மந்தை தென்பட்ட தருணம்.

1761இல் பிரெஞ்சு அரசு லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி வழங்கியது. நிறுவியவர் கிளாட் பூர்ஷலா, ஒரு குதிரையேற்றப் பள்ளியின் தலைவர். மாட்டு நோய்களைக் கையாள்வது நோக்கங்களில் ஒன்று என்றாலும், படித்து வந்தவர்களை நெடுங்காலம் வாழவைத்தது குதிரைதான். படையும் வண்டியும் குதிரையை நம்பியிருந்தன. யாருடைய விலங்கோ அவருடைய மருத்துவம்.

1865இல் இங்கிலாந்தில் மறுபடியும் வெக்கை. லட்சக்கணக்கில் மாடுகள் மாண்டன. சந்தையை மூடுவதா, கொல்வதா என்று மாதக்கணக்கில் சண்டை. 1866இல் கட்டாயக் கொலைச் சட்டம் வந்தது, நோய் அடங்கியது. அரசுக்கென்று ஒரு கால்நடைத் துறை நிலைபெற்றதும் இதன் வழியாகத்தான். வெற்றிபெற்ற முறை என்பதால் பிறகு அதையே வேறு நோய்களுக்கும் நீட்டினார்கள். 1892இலிருந்து கோமாரிக்கும் அதே கோடரி.

கோமாரி வெக்கையைப் போன்றதல்ல. வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காலும் வாயும் புண்ணாகும், கறவை குறையும், கன்றுகள் சிலது போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து விவசாயிகள் இதைச் சகித்துக்கொள்ளக்கூடிய தொந்தரவாகத்தான் பார்த்தார்கள். சட்டம், துறைமுகத் தடை, ஏற்றுமதிச் சான்றிதழ், கட்டாயக் கொலை ஆகியவை சேர்ந்துதான் அதைக் ‘கொள்ளைநோய்’ ஆக்கின என்று வரலாற்றாசிரியர் அபிகெயில் வுட்ஸ் 2004இல் வெளிவந்த தன் நூலில் வாதிடுகிறார். நோய் பொய் என்று அவர் சொல்லவில்லை. நோயின் பயங்கரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார், அவ்வளவுதான். 2001இல் இங்கிலாந்தில் கோமாரி வந்தபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி நோய் உறுதியாகாத, பக்கத்துப் பண்ணை என்பதற்காகவும் தொடர்பு இருக்கலாம் என்பதற்காகவும் கொல்லப்பட்டவை. தடுப்பூசி இருந்தது. போடவில்லை. ஊசி போட்டால் ‘தடுப்பூசியின்றியே நோயற்ற நாடு’ என்ற வணிகத் தகுதி தள்ளிப்போகும். நெதர்லாந்தில் ஊசி போட்டார்கள். போட்டுவிட்டு அந்த மாடுகளையும் கொன்றார்கள். இங்கே காப்பாற்றப்பட்டது மாடுமில்லை, மந்தையுமில்லை. ஏற்றுமதித் தகுதி.

3

கோடரிக்கு மாற்றாக வந்தது ஊசி. 1881 மே மாதம் பிரான்ஸில் பூயி-ல-ஃபோர் என்ற கிராமத்துப் பண்ணையில் பாஸ்டர் நடத்திய சோதனை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அடைப்பான் நோய்க்கான தடுப்பூசி போட்ட ஆடுகள் பிழைத்தன, போடாதவை செத்தன. பத்திரிகையாளர்கள் பார்த்து எழுதினார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத இரண்டு விஷயங்களைச் சொல்லவேண்டும்.

ஒன்று, துலூஸ் கால்நடைப் பள்ளியைச் சேர்ந்த துசான் என்பவர் 1880இலேயே அடைப்பானுக்குத் தடுப்பு மருந்து செய்துகாட்டியிருந்தார். கிருமியை வெப்பத்தாலும் ரசாயனத்தாலும் முடக்குவது அவர் வழி. காற்றிலுள்ள பிராணவாயுவால் வலுவிழக்கச் செய்யும் தன் முறையே சரி என்பது பாஸ்டர் கட்சி. ஆனால் பூயி-ல-ஃபோரில் உண்மையில் செலுத்தப்பட்டது பாஸ்டரின் உதவியாளர் ஷாம்பர்லான் ரசாயனத்தால் வலுவிழக்கச் செய்த மருந்து. பாஸ்டரின் ஆய்வகக் குறிப்பேடுகளை வைத்து ஜெரால்ட் கீசன் 1995இல் இதை விரிவாக எழுதினார். கால்நடை மருத்துவரின் பெயர் அடிக்குறிப்புக்குப் போனது, வேதியியலாளர் சிலையானார்.

இரண்டாவது விஷயம் நமக்கு இன்னும் முக்கியம். புருனோ லத்தூர் பாஸ்டரைப் பற்றி எழுதும்போது இப்படி ஒரு வாதத்தை வைக்கிறார்: ஆய்வகத்து உண்மை பண்ணையில் பலிக்கவேண்டுமென்றால் முதலில் பண்ணை கொஞ்சம் ஆய்வகமாக மாறவேண்டும். எண்ணிக்கை வேண்டும், அடையாளம் வேண்டும், ஊசி போட்டது எது, போடாதது எது என்ற பதிவு வேண்டும், சுத்தம் வேண்டும், நாள் தவறாமை வேண்டும். ஊசி தனியாக வருவதில்லை. பேரேட்டைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. இதை நல்லது கெட்டது என்று அவசரப்பட்டுச் சொல்ல நான் தயாராக இல்லை. அந்தப் பேரேட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

4

இந்த ஊசியும் பேரேடும் காலனிய இந்தியாவுக்கு வந்தபோது என்ன நடந்தது? இங்கே கோடரி முறை சாத்தியமில்லை. ஊர்முழுக்க மாடுகளைக் கொன்றால் கலவரம் வரும், 1857ஐ ஆட்சியாளர்கள் மறக்கவில்லை. இழப்பீடு கொடுக்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் வெக்கை ஆண்டுதோறும் மாடுகளை வாரிக்கொண்டு போனது. உழவு மாடு போனால் நிலவரியும் போகும். ஆகவே ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டு 1871இல் அறிக்கை வந்தது.

இதே காலத்தில் வட இந்திய நிர்வாக ஆவணங்களில் இன்னொரு விளக்கம் பரவலாக இருந்தது. மாடுகள் சாவது நோயால் அல்ல, தோலுக்காக சமார்கள் அரளையும் பாஷாணமும் வைத்துக் கொல்கிறார்கள் என்பது. செத்த மாட்டின் தோல் அவர்களுக்குச் சேரும் என்பது வழக்கம். அந்த வழக்கமே அவர்களுக்கு எதிரான சாட்சியமானது. சௌரப் மிஸ்ரா காலனியக் கால்நடை மருத்துவம் பற்றிய தன் நூலில் இதை விவரிக்கிறார். ஒரு சாதி முழுவதுமே ‘விஷம் வைப்போர்’ என்ற குற்றப் பிம்பத்துக்குள் அடைக்கப்பட்டது. எங்கோ யாரோ விஷம் வைத்திருக்கலாம். ஆனால் கொள்ளைநோயால் மடியும் ஆயிரக்கணக்கான மாடுகளுக்கு ஒரு சாதியைப் பொறுப்பாக்குவது வேறு விஷயம். நோயின் காரணம் தெரியாத இடத்தில் சாதி காரணமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அறிவியல் வந்ததும் இந்தப் பழி நீங்கியிருக்க வேண்டும் அல்லவா? 1889இல் புனேயில் ஏகாதிபத்திய நுண்ணுயிரியல் ஆய்வகம் தொடங்கப்பட்டு, 1893இல் இமயமலை அடுக்கில் உள்ள முக்தேஸ்வருக்குப் போனது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தோற்றுவாய் அது. 1897இல் ராபர்ட் கோக் அங்கே வந்துபோனார். முதலில் சீரம் தயாரித்தார்கள். பிறகு 1927இல் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை வைரஸை ஆட்டின் உடலில் திரும்பத் திரும்பச் செலுத்தி, மாட்டைக் கொல்லும் வீரியம் குறைந்த தடுப்பூசியாக மாற்றினார். மலிவானது, ஒரு ஊசி போதும், பல ஆண்டுப் பாதுகாப்பு. உலகத் தடுப்பூசி வரலாற்றில் இது பெரிய சாதனை, இந்திய மண்ணில் நடந்தது. யாரும் கொண்டாடவில்லை என்பது வேறு கதை.

ஆனால் இறந்த மாட்டை அகற்றும் வேலையைப் பற்றி இந்த வரலாற்றில் ஒரு வரி கிடையாது. அடைப்பானையே எடுத்துக்கொள்வோம். அடைப்பானில் செத்த மாட்டை அறுக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் பாக்டீரியா அழுகலில் சில நாளில் செத்துவிடும். அறுத்தால் ரத்தம் காற்றைத் தொடும், உடனே பாக்டீரியா கடினமான ஓடு கட்டிய வித்துக்களாக மாறும். அந்த வித்துக்கள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். மேயும் மாடு, உரிப்பவரின் கை, தோல் பதனிடுபவரின் நுரையீரல் என்று எங்கும் போகும். ஆகவே ‘அறுக்காதே, ஆழமாகக் குழிதோண்டிச் சுண்ணாம்போடு புதை’ என்பது நோய்த்தடுப்பின் அடிப்படை விதி. அதாவது தடுப்பு என்ற முழுக் கட்டடமும் செத்த மாட்டின் அருகில் நிற்கும் மனிதர்மேல் கட்டப்பட்டது. நம் ஊர்களில் அந்த இடத்தில் யாரை நிறுத்திவைத்தோம்? செத்த மாட்டைத் தூக்குவதைப் பறையருக்கும் அருந்ததியருக்கும் சமார்களுக்கும் மகர்களுக்கும் சாதிக் கடமையாக விதித்துவிட்டு, அதற்குக் கூலியாகத் தோலையும் கறியையும் காட்டிவிட்டு, பிறகு ‘அறுக்காதே’ என்று சொல்லும் சுவரொட்டி யாரிடம் பேசுகிறது? கூலியைக் கொடுக்காத ஊரிடம் அது பேசவில்லை.

இராணிப்பேட்டையை நினைத்துப் பார்க்கிறேன். கால்நடைகளுக்கான தடுப்பு மருந்துகள் தயாரிக்கும் அரசு நிலையம் அங்கே இருக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் அங்கேதான் இருக்கின்றன. முதலாவது தடுப்பின் வரலாற்றில் இடம்பெறும். இரண்டாவதில் உழைத்த கைகள் இடம்பெறாது. 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டை உரித்ததற்காக தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்கு எதிர்ப்பாக தலித் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் போட்டார்கள், இனித் தூக்கமாட்டோம் என்றார்கள். சாதி ஒழிப்புப் போராட்டமாக அதை நாம் வாசித்தோம், சரிதான். பொதுச் சுகாதாரம் யாருடைய முதுகில் நடக்கிறது என்ற உண்மையை அரசின் வாசலில் கிடத்தியதாகவும் அதை வாசிக்கவேண்டும்.

5

இதற்காக ‘நவீன மருத்துவமே வன்முறை’ என்று முடித்துவிட்டுப் போகும் பின்நவீன சோம்பேறித்தனத்தில் எனக்கு உடன்பாடில்லை. வெக்கை நோய் இன்று உலகில் இல்லை. 2011இல் உலக உணவு வேளாண்மை அமைப்பு அதை அறிவித்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து மந்தைகளை அழித்து, எத்தியோப்பியாவைப் பஞ்சத்தில் தள்ளி, காலனியம் உள்ளே வர வழியகலப்படுத்திய நோய் இனி வராது. இதைப் பெருங்கதையாடல் என்று ஒதுக்க எந்த மேய்ப்பனும் சம்மதிக்கமாட்டான். கேள்வி, அது எப்படி ஒழிந்தது என்பது.

இந்தியாவில் 1954இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இலக்கு, ஐந்தாண்டுக்குள் 80 சதவீத மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஊசி. நோய் மளமளவென்று குறைந்தது. ஆனால் ஒழியவில்லை. பத்தாண்டு, இருபதாண்டு, முப்பதாண்டு ஆகியும் தெற்கே நோய் தங்கியிருந்தது. எத்தனை ஊசி போட்டோம் என்பது மேலிடத்துக்கு அனுப்பும் எண். எந்த மந்தைக்கு ஊசி போய்ச்சேரவில்லை என்பதுதான் நோய்க்குத் தெரிந்த எண். இரண்டும் வேறு. ரோட்டோரத்து மாட்டுக்கு வருஷத்துக்கு இரண்டு ஊசி விழும், காட்டுக்குள் கிடை போட்டிருக்கும் கீதாரியிடம் யாரும் போகமாட்டார்கள்.

1992இல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் அணுகுமுறை மாறியது. ஊர் ஊராகப் போய்த் தேடுவது, விசாரிப்பது, நோய் இருக்கும் இடத்தில் குவிப்பது, இல்லாத இடத்தில் ஊசியை நிறுத்துவது. ஊசியை நிறுத்துவதா என்று தோன்றும். ஊசி போட்ட மாட்டின் ரத்தமும் நோய் வந்து பிழைத்த மாட்டின் ரத்தமும் பரிசோதனையில் ஒரே மாதிரிதான் இருக்கும். போட்டுக்கொண்டே இருந்தால் நோய் போய்விட்டதா என்று ஒருநாளும் தெரியாது. 1995க்குப் பிறகு இந்தியாவில் வெக்கை காணப்படவில்லை. 2006இல் நோய்த்தொற்றே அற்ற நாடாக அங்கீகரிக்கப்பட்டது.

ஆப்பிரிக்காவில் இது இன்னும் வெளிப்படை. வால்டர் பிளவ்ரைட் 1960 வாக்கில் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி அருமையானது, ஆனால் குளிர்ப்பெட்டி கேட்கும். போர் நடக்கும் பாலைவனத்தில் குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது? வெப்பம் தாங்கும் வடிவம் 1990 வாக்கில் வந்தது. எத்தியோப்பியாவின் ஆஃபார் போன்ற இடங்களில் மேய்ப்பர்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்கள் கையில் ஊசியைக் கொடுத்தார்கள். அரசுக் குழுக்கள் போகமுடியாத இடத்துக்கெல்லாம் அவர்கள் போனார்கள். பட்டம் இல்லாதவன் ஊசி போடுவதா என்று எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சோமாலிப் பகுதியில் வெக்கை மிக மென்மையான உருவில் ஒளிந்திருந்தது. அதைத் தேடியவர்களுக்கு மேய்ப்பர்கள் சொன்ன அடையாளங்கள்தான் வழிகாட்டின. ஆய்வகத்தின் சாதனை என்று சொல்லப்படும் ஒன்றின் கடைசி மைல்களை எழுதப்படிக்கத் தெரியாத கீதாரிகள் நடந்து கடந்தார்கள்.

ஆனாலும் முன்னுரிமையைக் கவனியுங்கள். 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் ஆடுகளுக்கு வந்த நோய், வெக்கை அல்ல, வெக்கையின் பங்காளியான ஆட்டுக்கொல்லி நோய் என்று கண்டறியப்பட்டது. இந்தியாவில் அது அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் முறை. அதற்கு முன் ஆடுகள் இப்படிச் செத்தபோதெல்லாம் வெக்கை என்றே எழுதிவைத்திருக்கக்கூடும். வேறுபடுத்திப் பார்க்கும் சோதனை இல்லை. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்போம் என்ற உலகத் திட்டம் 2015இல்தான் வந்தது. மாடு நிலமுள்ளவருடைய சொத்து, ஏரின் மறுபாதி. ஆடு நிலமற்றவருடையது, பெரும்பாலும் பெண்களுடையது. அவசரத்துக்கு விற்கும் பணம். எந்த நோய் முதலில் ஒழியும் என்பதை வைரஸ் மட்டும் தீர்மானிப்பதில்லை.

6

கோடரி, ஊசி ஆகியவற்றுக்குப் பிறகு மூன்றாவது கட்டம் பண்ணைக்குள் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பா, அமெரிக்காவில் பெரும் கொள்ளைநோய்கள் கட்டுக்குள் வந்துவிட்டன. அப்போது கால்நடை மருத்துவம் ஒரு புதிய பொருளைக் கண்டுபிடித்தது. ‘வெளித்தெரியாத நோய்.’ 1957இல் கலிஃபோர்னியாவில் ஷாமும் நோர்லாண்டரும் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். பாலில் சோப்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் கலந்தால், மடியில் அழற்சி இருந்தால் பால் கூழாகத் திரளும். மடி வீங்கியிருக்காது, மாட்டுக்கு வலி தெரியாது, பால் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் மடிநோய். கறக்கும் கை காணாத நோயை எண் காண்கிறது.

இதில் உண்மையான பலன் உண்டு. காம்பைக் கறந்தபின் மருந்தில் நனைப்பது, கறவை வற்றும்போது மடிக்கு மருந்து ஏற்றுவது போன்ற எளிய வழிகள் மாடுகளின் வேதனையைக் குறைத்தன. ஆனால் கூடவே ஒரு நழுவலும் நடந்தது. நோய் என்றால் துன்பம் என்ற பொருள் போய், நோய் என்றால் எதிர்பார்த்த உற்பத்தியிலிருந்து விலகல் என்றானது. அந்தத் தடுப்புத் திட்டத்தின் அம்சங்களில் ஒன்று, திரும்பத் திரும்ப மடிநோய் வரும் மாட்டை மந்தையிலிருந்து கழித்துவிடுவது. கழிப்பதும் தடுப்புதான். மாட்டிலிருந்து மந்தைக்கு வந்த பார்வை, மந்தையிலிருந்து கணக்குக்குப் போய்விட்டது.

இதன் முற்றிய வடிவம் தீவனத்தில் கலந்த ஆன்டிபயாடிக். 1950இல் அமெரிக்காவின் லெடர்லி நிறுவன ஆய்வாளர்கள் ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும், ஆரியோமைசின் தயாரித்து மிஞ்சிய கழிவைத் தின்ற குஞ்சுகள் வேகமாக எடைபோடுகின்றன என்று அறிவித்தார்கள். நோய்க்காக அல்ல, எடைக்காக மருந்து. நெருக்கி அடைத்தால் நோய் வரும் என்ற பழைய எச்சரிக்கைக்கு இது பதிலாகிவிட்டது: அடைத்துக்கொள், மருந்து பார்த்துக்கொள்ளும். கொட்டகையின் கட்டுமானத்தை மாற்றுவதற்குப் பதிலாகக் கோழியின் குடலை மாற்றினார்கள். 1969இல் இங்கிலாந்தின் ஸ்வான் குழு எச்சரித்தது, 1986இல் ஸ்வீடன் தடைசெய்தது, 2006இல்தான் ஐரோப்பா முழுவதும் நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைத் தோற்கடிக்கும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது, 2015இல் சீனாவில் கண்டறியப்பட்டது. பன்றிகளிலும் கறியிலும் மனிதர்களிலும். 2019இல் இந்திய அரசு கால்நடைகளுக்கும் கோழிக்கும் கொலிஸ்டினைத் தடைசெய்தது.

இங்கே பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் அதைப் பரிந்துரைப்பவரும் கம்பெனியுடையவர்கள். கொட்டகை, தண்ணீர், கரண்ட், தூக்கம் கெட்ட உழைப்பு ஆகியவை விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்ற விகிதம்தான் எல்லாவற்றுக்கும் அளவுகோல். ஆறு வாரத்தில் லாரி ஏறப்போகும் கோழிக்கு யார் சிகிச்சை செய்வது? நொண்டும் கோழியை ஓரமாகக் கழிப்பார்கள், மருந்தைத் தண்ணீரில் கலந்து எல்லாவற்றுக்கும் கொடுப்பார்கள். மந்தைக்கும் ஒற்றை ஆட்டுக்கும் இடையில் தவித்த மேய்ப்பர் இங்கே இல்லை. அவருக்குத் தவிக்க நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. முடிவு வேறெங்கோ எடுக்கப்படுகிறது, சாவு மட்டும் அவர் கண்முன் நடக்கிறது. விகிதம் கெட்டால் கூலி குறையும். இழப்பைத் தடுப்பதென்பது இங்கே இழப்பைக் கீழே தள்ளிவிடுவது.

7

தோழர்கள் சிலர் இதற்குத் தீர்வாகப் பழைய கிராமத்தைக் காட்டுவார்கள். நாட்டு மாட்டுக்கு நோயே வராது, பாட்டன் பூட்டன் எந்த ஊசி போட்டான் என்பார்கள். பாட்டன் காலத்து மாடுகள் வெக்கையில் கூட்டங்கூட்டமாகச் செத்தன, செத்ததைச் சேரி தூக்கியது. அந்தக் கிராமத்தில் நான் குடியேறத் தயாரில்லை. இன்னொரு பக்கம் கோமாதா பக்தர்கள். பசுவைக் கொல்லக்கூடாது என்ற சட்டம் பசுவை நோயிலிருந்து காப்பாற்றிவிடாது. கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கும் தொற்றும், மாட்டைக் குணப்படுத்த நடைமுறைக்கு ஒத்த வழி இல்லை. பல நாடுகள் சோதித்து, நோயுள்ளதைக் கொன்று, இழப்பீடு கொடுத்து அதைக் கட்டுப்படுத்தின. இங்கே பல மாநிலங்களில் அந்த மாட்டைக் கொல்லவும் முடியாது, வைத்துத் தீவனம் போடவும் கட்டாது. அது சத்தமில்லாமல் சந்தைக்குப் போகும், விவரம் தெரியாத இன்னொரு ஏழையின் கொட்டகையில் போய்க் கட்டப்படும். புனிதமும் இழப்பைக் கீழேதான் தள்ளுகிறது.

2019இல் கோமாரிக்கும் புரூசெல்லாவுக்கும் எதிராக நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. காதில் மஞ்சள் வில்லையும் பன்னிரண்டு இலக்க எண்ணும் கொண்ட மாடுகளை இன்று எந்த ஊரிலும் பார்க்கலாம். பேரேடு வந்துவிட்டது. ‘ஊசி போட்டா நாலு நாளைக்குப் பால் கொறையும்’ என்று மாட்டை மறைப்பவர்களை அறியாமை என்று திட்டுவது சுலபம். அந்த நாலு நாள் பாலுக்கு யார் பொறுப்பு என்று யாரும் சொன்னதில்லை. நாலு லிட்டர் ஊற்றி வாரக்கடைசியில் பால்காசு வாங்கும் வீட்டுக்கு அது ஒரு நியாயமான கேள்வி.

நான் கேட்பது ஊசியை நிறுத்தச் சொல்லி அல்ல. ஊசியோடு வரும் கணக்கைத் திறந்து வைக்கச் சொல்லி. செத்த மாட்டை எடுக்கும் வேலைக்குச் சாதி அல்லாமல் இயந்திரமும் கையுறையும் சம்பளமும் இருக்கவேண்டும் என்பது நோய்த்தடுப்புக் கோரிக்கை. நோயுள்ள மாட்டைச் சொன்னால் நஷ்டம் வராது என்ற இழப்பீட்டு உறுதி நோய்த்தடுப்புக் கோரிக்கை. கொட்டகையில் என்ன மருந்து, எவ்வளவு கலக்கப்படுகிறது என்று வளர்ப்பவருக்கும் தின்பவருக்கும் தெரியவேண்டும் என்பது நோய்த்தடுப்புக் கோரிக்கை. கீதாரிப் பெண்ணின் ஆட்டுக்கும் பண்ணை முதலாளியின் மாட்டுக்கும் ஒரே நாளில் ஊசி வரவேண்டும் என்பதும் அதுதான். இவற்றையெல்லாம் விவசாயச் சங்கமும் தலித் இயக்கமும் மருத்துவத் தொழிலாளரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டிருக்கிறோம். நோய் இந்தப் பிரிவினைகளை மதிப்பதில்லை. மாட்டுக்கொட்டகை, தோல் ஷெட், பால் சொசைட்டி, ஆஸ்பத்திரி என்று எல்லா வாசலிலும் அது ஏறி இறங்குகிறது. நாமும் ஏறி இறங்கவேண்டியிருக்கும்.